ஷட்டரை இறக்கும் முன் சிலிண்டரை வெளியே எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டறையில் சிலிண்டர் வெடித்துத் தொழிலாளி பலி என்று உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அவ்வப்போது செய்தி வருகிறது. நாலைந்து வரி இருக்கும், எரிவாயு கசிவே காரணம் என்பது முதற்கட்ட விசாரணையில் தெரியவந்தது என்று முடிந்துவிடும். கசிவு எங்கே ஏற்பட்டது, கசிந்த வாயு வெளியே போகாமல் ஏன் உள்ளேயே நின்றது, அந்த நேரத்தில் அந்த ஆள் ஏன் உள்ளே இருந்தார், இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை. கோவை கணபதியில் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். கேஸ் கட்டிங், அதாவது வாயுத் தீயால் இரும்பை வெட்டும் வேலை இல்லாமல் எங்களுக்கு ஒரு நாள் ஓடாது. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், வெளியிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டர் வெடித்தது என்று செய்தி வருகிற நிறைய இடங்களில் சிலிண்டர் உடையாமல் முழுசாகத்தான் கிடக்கும். வால்விலோ, ரெகுலேட்டர் வாஷரிலோ, ஹோஸிலோ இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து அறைக்குள் நிறைந்திருக்கும் வாயுதான் காலையில் யாராவது வந்து லைட் ஸ்விட்சைத் தட்டியதும் பற்றுகிறது. பகலில் கதவு திறந்திருக்கிறது, காற்று வருகிறது, நாலு பேர் நடமாடுகிறார்கள், வாடை வந்தால் யாராவது ஒருவர் கேட்பார். ஆபத்து சேர்வது ஷட்டரை இறக்கிய பிறகு.

எங்கள் பகுதியில் பட்டறை என்றால் பெரும்பாலும் வாடகை ஷெட்தான். மேலே தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ், மூன்று பக்கம் சுவர், முன்னால் ஷட்டர். வேலை முடிந்ததும் ஆக்சிஜன், டிஏ, எல்பிஜி எல்லாவற்றையும் ஒரே மூலைக்குத் தள்ளி, ரெகுலேட்டரும் ஹோஸும் மாட்டியபடியே விட்டுவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டு போட்டுப் போகிறோம். (அசிட்டிலீன் சிலிண்டரைத்தான் தொழிலில் டிஏ என்போம், அரக்கு நிறத்தில் இருக்கும்.) ஏன் உள்ளே வைக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே பதில், வெளியே வைத்தால் காணாமல் போய்விடும். உண்மைதான், சிலிண்டருக்கு டெபாசிட் கட்டியிருக்கிறோம், ஒன்று தொலைந்தால் சின்னப் பட்டறைக்கு அது பெரிய அடி. “பல வருசமா இப்படித்தானுங்க வெச்சிருக்கோம், என்ன ஆச்சு?” என்று பக்கத்துப் பட்டறை அண்ணன் ஒருவர் கேட்டார். அவர் அலட்சியமான ஆள் இல்லை, மெஷினை அவ்வளவு சுத்தமாக வைத்திருப்பவர். இடமில்லை, திருட்டு பயம், அதனால் அப்படிக் கேட்கிறார்.

இதை விட மோசம், பல ஷெட்களில் பையன்கள் உள்ளேயே படுக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள், ரூம் வாடகையை மிச்சம் பிடித்து ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். ராத்திரி காவலுக்கு ஆள் கிடைத்த மாதிரியும் ஆயிற்று என்று முதலாளிக்கும் வசதி. அங்கேயே ஒரு சின்ன சிலிண்டரில் சப்பாத்தி சுடுகிறார்கள், கொசுவர்த்தி கொளுத்துகிறார்கள், ஷட்டர் கீழே இறங்கியிருக்கிறது, தலைமாட்டிலிருந்து பத்தடி தூரத்தில் டிஏ சிலிண்டர். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். லக்னோவிலிருந்து வந்த பயணிகள் விதிகளை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ஒரு அடைத்த பெட்டி, உள்ளே ஆட்கள், கூடவே ஒரு சிலிண்டர். எங்கள் தெருவில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஷட்டர்களைத் தட்டிப் பார்த்தால் பல இடங்களில் இதே நிலைமைதான். ஷெட்டில் ஆள் படுப்பதாக இருந்தால் சிலிண்டர் உள்ளே இருக்கக் கூடாது, சிலிண்டர் உள்ளே இருந்தால் ஆள் படுக்கக் கூடாது. இதில் சமாதானம் பேச இடமில்லை.

எல்லா வாயுவும் ஒன்று என்று நினைத்து ஒரே மாதிரி வைப்பது அடுத்த பிரச்சினை. எல்பிஜி காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தரையாகப் பரவிக் குழியில், சாக்கடையில், லேத்துக்கு அடியில் போய்த் தங்கும். 2025 ஜனவரி 3 அன்று அவினாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எல்பிஜி ஏற்றி வந்த டேங்கர் கவிழ்ந்தபோது கோவையில் எல்லோரும் பார்த்தோம். தண்ணீரை விடாமல் பீய்ச்சினார்கள், போக்குவரத்தை நிறுத்தினார்கள், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். அத்தனை கவனமாக இருந்ததால்தான் உயிர்ச்சேதம் இல்லாமல் முடிந்தது. அதே வாயுதான் எங்கள் மூலையில் நிற்கும் 19 கிலோ நீல சிலிண்டரிலும் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஒரு கிலோ எல்பிஜி வாயுவாக மாறினால் சுமார் அரை கன மீட்டர் வரும். காற்றில் இரண்டு சதவீதம் கலந்தாலே அது பற்றும் நிலைக்கு வந்துவிடும். அப்படியென்றால் பத்தடிக்குப் பத்தடி அறையை ஏறக்குறைய அந்த நிலைக்குக் கொண்டுவர ஒரு கிலோ போதும், தரையோடு தேங்குவதால் கீழ்மட்டத்தில் அதற்கு முன்பே வந்துவிடும். ராத்திரி பத்து மணி நேரத்தில் ஒரு கிலோ என்றால் மணிக்கு நூறு கிராம். வீட்டு அடுப்பின் சின்ன பர்னர் எரிக்கும் அளவுதான் அது. தளர்ந்த ஒரு கிளிப் வழியாக அவ்வளவு போவது பெரிய விஷயமே இல்லை.

அசிட்டிலீன் இதற்கு நேர்மாறு. காற்றை விட லேசு, மேலே ஏறிக் கூரைக்கு அடியில் நிற்கும். தகரக் கூரையின் உச்சியில் வாயு வெளியேற வழி இல்லாவிட்டால் அங்கேயே தேங்கும். எல்பிஜி ஒன்பது பத்து சதவீதத்தைத் தாண்டிவிட்டால் காற்று போதாமல் பற்றாது, அசிட்டிலீனோ 2.5 சதவீதத்தில் தொடங்கி 80 சதவீதம் வரைக்கும் பற்றக்கூடியது. ஆகவே ஷெட்டுக்குக் காற்றுப் போக்கு வேண்டும் என்றால் கீழேயும் வேண்டும், மேலேயும் வேண்டும். ஷட்டருக்கு மேலே ஒரு ஜாலி விட்டுவிட்டு வென்டிலேஷன் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வதில் பாதிப் பயன்தான்.

அசிட்டிலீன் சிலிண்டருக்குள் வெறும் வாயு இல்லை என்பது பல பையன்களுக்குத் தெரியாது. உள்ளே நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை அடைத்து, அதில் அசிட்டோன் திரவத்தை ஊறவைத்து, அந்த அசிட்டோனில்தான் வாயுவைக் கரைத்து வைத்திருக்கிறார்கள். தனியாக அழுத்தினால் தானாகவே சிதைந்து வெடிக்கக்கூடிய வாயு அது, அதனால்தான் இந்த ஏற்பாடு. ரெகுலேட்டரில் 15 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான். சிலிண்டரைப் படுக்கப் போட்டு வேலை செய்தால் வாயுவோடு அசிட்டோனும் சேர்ந்து வரும். ஒற்றை சிலிண்டரில் பெரிய ஹீட்டிங் நாசில் (இரும்பைச் சூடாக்கும் முனை) போட்டு வேகமாக இழுத்தாலும் வரும். சிலிண்டரில் இருப்பதில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மணி நேரத்தில் எடுக்கக் கூடாது என்பது கணக்கு. தாமிரக் குழாயையோ தாமிரம் அதிகமுள்ள இணைப்பையோ அசிட்டிலீன் லைனில் போடவே கூடாது, தொட்டாலே வெடிக்கக்கூடிய ஒரு பொருள் உள்ளே உருவாகும். ஹோஸ் பிய்ந்தால் கையில் கிடைத்த ஏசி காப்பர் பைப்பை நடுவில் செருகிக் கட்டுக்கம்பி சுற்றுகிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆக்சிஜன் எரியும் வாயு இல்லைதான், ஆனால் எரிகிற எதையும் பல மடங்கு வேகமாக எரிய வைக்கும். கறுப்பு சிலிண்டருக்குள் நிரப்பும்போது 150 கிலோ அளவுக்கு அழுத்தம் இருக்கிறது. அந்த வால்வில் கிரீஸ் கையோடு தொடுவது, ரெகுலேட்டர் இறுகுகிறது என்று ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவது, வேலை முடிந்து சட்டையில் உள்ள தூசியை ஆக்சிஜன் ஹோஸால் ஊதிக்கொள்வது, இந்த மூன்றும் தினமும் எங்காவது நடக்கிறது. ஆக்சிஜன் ஊறிய பனியன் ஒரு பொறி பட்டால் அணைக்கவே முடியாதபடி எரியும். ஆக்சிஜனையும் எரிவாயுவையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கக் கூடாது என்பதும் இதனால்தான். ஆறு மீட்டர் இடைவெளி, அல்லது நடுவில் தீ தாங்குகிற ஒரு சுவர் என்று வைத்துக்கொள்ளலாம். டிராலியில் ஜோடியாக ஓடிக்கொண்டிருக்கும் செட்டை இதில் சேர்க்கவில்லை, இருப்பில் உள்ளவற்றைத்தான் சொல்கிறேன்.

சரி, என்ன செய்ய வேண்டும்? சாயங்காலம் வேலை நிறுத்தும்போது டார்ச்சை (ஹோஸின் நுனியில் தீ எரியும் கைப்பிடிக் கருவியை) மட்டும் மூடிவிட்டுப் போவது எங்கள் தொழிலின் பெரிய கெட்ட பழக்கம். சிலிண்டர் வால்வைத்தான் முதலில் மூட வேண்டும். அப்புறம் டார்ச்சைத் திறந்து ஹோஸில் மிச்சமுள்ளதை, பக்கத்தில் தீப்பொறி ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக வெளியேற்றி, மீட்டர் முள் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகு ரெகுலேட்டர் திருகைத் தளர்த்திவிட வேண்டும். இதற்கு ரெண்டு நிமிடம் கூட ஆகாது. டிஏ வால்வைத் திறக்கும் கீ வேலை நேரம் முழுக்க அதன் ஸ்பிண்டிலிலேயே (வால்வின் திருகுத் தண்டிலேயே) இருக்க வேண்டும், கீயைப் பக்கத்து மேடைக்குக் கடன் கொடுத்துவிட்டால் ஹோஸ் தீப்பிடிக்கும்போது எதை வைத்து மூடுவது? வால்வையும் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் திறக்க வேண்டாம், அவசரத்தில் ஒரே திருப்பில் மூட வேண்டியிருக்கும்.

ஹோஸ் சோதனைக்குச் சோப்பு நுரை போதும். வாளித் தண்ணீரில் சோப்பைக் கலக்கி, பழைய பெயிண்ட் பிரஷால் வால்வுக் கழுத்து, ரெகுலேட்டர் நட், ஹோஸ் கிளிப், டார்ச் இணைப்பு என்று வரிசையாகத் தடவிப் பாருங்கள். பெரிய கசிவு என்றால் உடனே குமிழ் கிளம்பும். சின்னக் கசிவுக்கு அரை நிமிடமாவது குனிந்து பார்க்க வேண்டும், கிளிப்பின் ஓரத்தில் கடுகளவு வெள்ளை நுரை ஒன்று மெதுவாக வளர்ந்துகொண்டே இருக்கும். இரவெல்லாம் அறையை நிரப்புவது அதுதான். கட்டுக்கம்பி சுற்றிய இடங்களில் இதைப் பெரும்பாலும் பார்க்கலாம், கம்பி ஹோஸை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருக்கும். சரியான கிளிப் டீ வடை விலைதான். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற ஆட்களைப் பற்றி எழுதவே மனசு வரவில்லை.

ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. டார்ச்சில் தீ பின்னோக்கிப் பாய்ந்தால் ஹோஸ் வழியாகச் சிலிண்டருக்குப் போகாமல் நடுவில் நிறுத்தும். டார்ச் பக்கம் ரெண்டு, ரெகுலேட்டர் பக்கம் ரெண்டு போட வேண்டும். பெரிய கம்பெனிகளுக்குள் வேலைக்குப் போனால் இது இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள், அதற்காகவே ஒரு செட் வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் பட்டறைகள் உண்டு. சொந்தப் பட்டறையில் மாட்டுவதில்லை. அந்தக் கம்பெனியின் சுவருக்குக் கொடுக்கும் மரியாதையை நம்ம பையனின் உயிருக்கும் கொடுக்கலாமே.

ஒருவேளை தீ பின்னோக்கிப் பாய்ந்துவிட்டது, டிஏ சிலிண்டர் சூடாகிறது, பெயிண்ட் கொப்பளிக்கிறது என்றால் அதைத் தூக்கி வெளியே போட முயற்சி செய்யாதீர்கள். உள்ளே வாயு சிதைய ஆரம்பித்திருக்கலாம், வால்வை மூடிய பிறகும் அது தொடரும், அசைத்தால் இன்னும் மோசமாகும். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112-க்குப் போன் செய்து, டிஏ சிலிண்டர் இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். தீயணைப்பு வீரர்கள் தூரத்தில் நின்று மணிக்கணக்கில் தண்ணீர் அடித்துத்தான் அதை ஆறவைப்பார்கள். எல்பிஜி கசிவு மட்டும் என்றால் 1906 என்ற எண் இருபத்திநாலு மணி நேரமும் இருக்கிறது. வாடை வந்த அறையில் லைட்டைப் போடுவதும் தப்பு, எரிகிற லைட்டை அணைப்பதும் தப்பு, எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது அதை விடத் தப்பு. ஸ்விட்சைத் தொடாமல் ஷட்டரை மெதுவாக முழுக்கத் தூக்கிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

கையாளுகிற விஷயத்தில் எனக்கு சப்ளை செய்பவர்கள் மீதும் வருத்தம் உண்டு. எங்கள் தெருவுக்கு வரும் ஒரு டெம்போவில் சிலிண்டரை இறக்கும் விதம் என்னவென்றால், கீழே ஒரு பழைய டயரைப் போட்டு அதன் மேல் மேலிருந்து விடுவது. டயரில் பட்டு எகிறி ரோட்டில் உருண்டு போய் நிற்கும். வால்வுக்கு மூடி இருக்காது. நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வு உடைந்தால் அந்த இரும்பு ராக்கெட் மாதிரி சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். கேட்டால், ரெண்டு பேர்தான் வருகிறோம், லோடு நிறைய இருக்கிறது என்கிறார்கள். இரண்டு பேரை வைத்து அனுப்புவது அந்த ஏஜென்சியின் தவறு, அந்தத் தொழிலாளிகளின் தவறு இல்லை. இப்போது நான் மூடி இல்லாத சிலிண்டரை வாங்குவதில்லை. நாலு பட்டறை சேர்ந்து அப்படிச் சொன்னால் அவர்களும் மாறுவார்கள்.

எக்ஸ்எல் வண்டியில் காலுக்கு நடுவே சிலிண்டரை வைத்துக்கொண்டு போவதை தினமும் பார்க்கிறோம். 2016-ஆம் ஆண்டு எரிவாயு சிலிண்டர் விதிகள் சைக்கிளிலும் இருசக்கர வாகனத்திலும் நிரப்பிய சிலிண்டரைக் கொண்டுபோகக் கூடாது என்று நேரடியாகவே சொல்கின்றன. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைப் பட்டறையில் கட்டிங்குக்கு மாட்டுவதும் சட்டப்படி குற்றம். விலை வித்தியாசத்துக்காகச் செய்கிறார்கள், புரிகிறது. ஆனால் அதிலிருந்து குழாய் போட்டுச் சின்ன சிலிண்டருக்கு மாற்றி நிரப்புவது கொலைக்குச் சமம். எல்பிஜி உள்ளே திரவமாக இருக்கிறது, சூட்டில் விரியும், அதற்காகத்தான் ஆலையில் சிலிண்டரை முழுக்க நிரப்பாமல் மேலே இடம் விடுகிறார்கள். கடைக்காரர் கண் அளவில் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்ததைச் சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் வைத்தால் விரிய இடமில்லாமல் இரும்பே கிழிந்துவிடும். பையன்கள் சமைப்பதற்கு 5 கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல், அடையாள அட்டையை மட்டும் காட்டி எண்ணெய் நிறுவனங்களின் முகவர்களிடம் வாங்கலாம், அதை முதலாளிகளே வாங்கிக் கொடுத்துவிடலாம். வாங்கும்போது பிடிக்குக் கீழே உள்ள பட்டையைப் பாருங்கள், பி-27 என்றிருந்தால் 2027 ஏப்ரல் முதல் ஜூனுக்குள் மறுசோதனைக்குப் போக வேண்டிய சிலிண்டர் என்று அர்த்தம். தேதி தாண்டியதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இதெல்லாம் பட்டறைக்காரர்கள் தாங்களாகவே செய்ய வேண்டியவை. ஆனால் ராத்திரி சிலிண்டரை எங்கே வைப்பது என்பதற்கு இவை பதில் ஆகாது. அதற்கு ஒரு யோசனை இருக்கிறது, இந்தக் கடிதத்தை எழுதியதே அதற்காகத்தான்.

பட்டறைகள் நெருக்கமாக உள்ள ஒவ்வொரு தெருவுக்கும் அல்லது பத்துப் பதினைந்து பட்டறைக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு பொது சிலிண்டர் கூண்டு வேண்டும். திறந்த இடம், மேலே வெயில் மழைக்கு ஒரு கூரை, சுற்றிலும் கம்பி வலை, தரை சிமெண்டில் சமமாக, பக்கத்தில் சாக்கடை இல்லாமல். நடுவில் ஒரு சுவர், ஒரு பக்கம் ஆக்சிஜன், மறுபக்கம் டிஏவும் எல்பிஜியும். ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு தடுப்பு, ஒரு சங்கிலி, ஒரு பூட்டு. காலிக்குத் தனி வரிசை, ஏனென்றால் காலி என்று சாக்பீஸில் எழுதியதிலும் கொஞ்சம் வாயு இருக்கத்தான் செய்யும், அதன் வால்வும் மூடியிருக்க வேண்டும். ராத்திரிக்கு ஒரு வாட்ச்மேன் சம்பளத்தை எல்லோரும் பங்கிட்டுக்கொண்டால் திருட்டு பயமும் போய்விடும்.

இதை நாங்களாகச் செய்துவிட முடியாமல் இருப்பதற்குக் காரணம் உரிமம். எல்பிஜியை மொத்தம் 100 கிலோ வரை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், 19 கிலோ சிலிண்டர் ஐந்து வைத்தால் 95 கிலோ ஆகிவிடும். டிஏ என்றால் 50 சிலிண்டர் வரை. தனித்தனிப் பட்டறையாக இந்த அளவுக்குள் நிற்கிறோம், ஒரே கூண்டில் சேர்த்தால் எல்பிஜி உடனே தாண்டிவிடும். அப்போது நாக்பூரில் தலைமையகம் உள்ள பெசோ என்ற மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும், வரைபடம், பாதுகாப்பு இடைவெளி எல்லாம் காட்ட வேண்டும். ரெண்டு லேத் வைத்திருக்கிற ஒருவரால் இதற்கு அலைய முடியாது. தொழிற்பேட்டைகளுக்குள் சிட்கோவும் (மாநில அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகம்), வெளியே உள்ள தெருக்களில் மாநகராட்சியும் சிறுதொழில் சங்கங்களும் சேர்ந்து இடத்தையும் உரிமத்தையும் வாங்கித் தர வேண்டும். பரவலாகப் பூட்டிய அறைகளுக்குள் கிடப்பதை ஒரு திறந்த இடத்தில் கண்காணிப்போடு வைப்பதால் தீயணைப்புத் துறைக்கும் நல்லது, எந்தத் தெருவில் எத்தனை சிலிண்டர் இருக்கிறது என்று அவர்களுக்கு ஒரு பட்டியலாவது கிடைக்கும்.

தொழில் உரிமம் புதுப்பிக்க வரும்போது சிலிண்டர் எங்கே வைக்கிறீர்கள், இரவில் உள்ளே யார் படுக்கிறார்கள் என்ற ரெண்டு கேள்வியையாவது மாநகராட்சி கேட்கட்டும். அபராதத்தோடு ஆரம்பிக்காமல் முதல் வருடம் சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் கேட்பார்கள். உங்கள் நிருபர்கள் அடுத்த முறை இப்படி ஒரு செய்திக்குப் போகும்போது கசிந்த இடம் எது, ஷட்டர் மூடியிருந்ததா என்று தீயணைப்பு அதிகாரியிடம் கேட்டு அந்த ரெண்டு வரியையும் சேர்த்துப் போட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

கூண்டுக்கான ஆங்கிள், வலை, வெல்டிங் வேலையை எங்கள் தெருப் பட்டறைகளே கூலி இல்லாமல் செய்து தருவதாக நாலைந்து பேர் பேசி வைத்திருக்கிறோம். எங்களுக்கு இடம் மட்டும் காட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோவை